யாராச்சும் உள்ள இருக்கீகளா?

என் அண்ணன் தீயணைப்பு வீரர் ஆனதில் எனக்கும் பங்கு உண்டு. அவருக்காக நான்தான் பிணமாகக் கிடந்தேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வீட்டுத் தரையில் ஒரு மத்தியானம் தனியாகக் கிடந்து பார்த்துவிட்டுச் சிரிக்கச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அண்ணன் ஏற்கெனவே ஒரு தடவை தேர்வுக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்திருந்தார். ஓட்டத்தில் தேறிவிட்டார், கயிறும் ஏறிவிட்டார். கடைசியாக ஓர் ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு கோடு வரைக்கும் போக வேண்டும். பாதி வழியில் அந்த ஆள் சரியவும், அண்ணன் பதறிப்போய் இறக்கிவிட்டார். அங்கிருந்த அதிகாரி திட்டக்கூட இல்லை. "தூக்குன ஆளை நடுவுல இறக்கக் கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாராம். வீட்டுக்கு வந்த அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதையும் விட்டால் காரைக்குடியில் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

முதலில் நெல் மூட்டையைத் தூக்கிப் பழகினார். மூட்டை சொன்னபடி கேட்டது. மூட்டைக்குக் கை கால் தொங்காது, தலை சாயாது. ஆள்தான் வேண்டும் என்றார். அப்பாவுக்கு இடுப்பு வலி. அம்மாவைக் கேட்டதற்கு, "போடா எடுபட்ட பயலே" என்று விரட்டிவிட்டாள். மிச்சம் இருந்தது நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் நாசூக்காகச் சொல்லும் உடம்பு. அந்த உடம்பு உருப்படியாக உதவியது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

அப்பாவுக்குக் கண்டரமாணிக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் காவல் வேலை. வீட்டுக்காரர்கள் மெட்ராஸிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். கல்யாணம் காட்சி என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரைக்கும் நீண்டு பூட்டிக் கிடக்கும். பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா கண்ணயர்ந்ததும் அண்ணன் சாவிக்கொத்தை எடுத்துக்கொள்வார்.

புகைக்குள் கண் இருந்தும் பிரயோஜனமில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் முகப்பில் நின்று ஒரு துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்வார். நான் முன்னாலேயே உள்ளே போய், பூட்டாத அறை எதிலாவது மயங்கி விழுந்தவள் மாதிரி கிடக்க வேண்டும். கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. கொலுசு காட்டிக்கொடுக்கிறது என்று அதையும் கழற்றச் சொல்லிவிட்டார். தாவணி முனையில் முடிந்துகொள்வேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டே வந்து ஒவ்வொரு நிலைப்படியிலும் நின்று, "யாராச்சும் உள்ள இருக்கீகளா?" என்று சத்தம் கொடுப்பார். தேடிக் கண்டுபிடித்து, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, தூண்கள் சூழ்ந்த வளவு முற்றத்தைக் கடந்து முகப்பில் கொண்டுபோய்ப் போடுவார். போடுவார் என்றுதான் சொல்ல வேண்டும். என் மண்டை இடிக்காத தூண் அந்த வீட்டில் இல்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் செத்த பிறகு பாவம் தீர உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கென்று தனியாக ஒரு ஜெபம் சொல்லுகிறவள் அவள். "அவுக நெருப்புக்குள்ள கெடக்குறாக. தானா வெளிய வர முடியாது. வெளிய இருக்கவுக யாராச்சும்தான் தூக்கிவிடணும்" என்பாள். அண்ணனிடம் ஒரு நாள் நேராகவே சொன்னாள்.

"ஆளில்லாத வீட்டுல, அதுவும் உச்சி நேரத்துல, யாராச்சும் இருக்கீகளான்னு கூப்பிடாதடா. அவ பதில் சொல்ல மாட்டா. வேற யாரும் சொல்லிட்டா என்ன பண்ணுவ?"

"சொன்னா அவுகளையும் தூக்கிட்டு வாரேன்" என்று சிரித்தார் அண்ணன்.

நான் சிரிக்கவில்லை. கிடப்பவள் நான் அல்லவா. அந்த வீட்டுத் தரை வெயில் காலத்திலும் ஜில்லென்று இருக்கும். அசையாமல் கிடந்தால் முதலில் வௌவால் சத்தம் கேட்கும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். கை கால் நம்முடையது இல்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். அண்ணன் வந்து தொடுகிற வரைக்கும் நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். ஒரு நாள் அவர் நான் இல்லாத அறைவாசலில் வெகு நேரம் நின்றார். "இங்கதான் இருக்க, மூச்சு விடுறது கேக்குது" என்றார். நான் இரண்டு அறை தள்ளிக் கிடந்தேன். புறாவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது அது நடந்தது. நான் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், கடைசி அறையில், பழைய அண்டாக்களுக்குப் பின்னால் கிடந்தேன். அண்ணனின் குரல் ஒவ்வொரு வாசலாக நெருங்கியது. "யாராச்சும் உள்ள இருக்கீகளா?" அடுத்த அறைக்கு வந்ததும் குரல் நின்றது. அவர் உள்ளே போவது கேட்டது. முட்டி தரையில் இடித்தது. பிறகு, மெதுவாக, அண்ணன் பேசினார்.

"பயப்படாதீக. தூக்கிருறேன்."

என்னிடம் அவர் ஒரு நாளும் அப்படி மரியாதையாகப் பேசியதில்லை. என்னைப் பயமுறுத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த முக்கல் கேட்டது. சுமையைத் தோளுக்கு ஏற்றும்போது வருகிற முக்கல். காலடி வெளியே வந்து வளவுப் பக்கம் திரும்பியது. சும்மா நடக்கிற அண்ணனின் காலடி வேறு, சுமை தூக்கிய காலடி வேறு. எனக்குத் தெரியாதா? இத்தனை நாளாய் அந்தச் சுமையே நான்தானே. அண்ணன் யாரையோ தூக்கிக்கொண்டு போனார். நானோ அண்டாவுக்குப் பின்னால் கிடந்தேன்.

கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் என் குரல் பின்னாலிருந்து கேட்டால், தோளில் இருப்பது நான் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்திலேயே கீழே போட்டுவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் யாரையும் தூக்க மாட்டார். தேர்வுக்குப் போக மாட்டார், ஆணிக் கடைதான். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எழுந்து பக்கத்து நடைவழியில் ஓடினேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஓட, அந்தப் பக்கம் அந்தக் கனத்த காலடி போய்க்கொண்டே இருந்தது.

நான் பக்கக் கதவு வழியாக முகப்புக்குள் நுழைந்தபோது அண்ணன் இறக்கிவிட்டு நிமிர்ந்திருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துண்டின் முடிச்சை அவிழ்க்கப் போராடிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒன்றும் இல்லை. வெறும் தரை. நான் சத்தமில்லாமல் போய் அங்கே படுத்துக்கொண்டேன். எப்போதும் ஜில்லென்று இருக்கும் அந்தத் தரை, யாரோ இப்போதுதான் எழுந்து போன பாய் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

அண்ணன் கண்கட்டை அவிழ்த்து என்னைப் பார்த்தார். அதே துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன புள்ள, இன்னைக்கு இம்புட்டுக் கனம்?"

"மத்தியானம் கூட ஒரு கை சோறு சாப்பிட்டேன்ணே."

"சோத்தக் குறை" என்றார். சாவிக்கொத்தைக் கையில் எடுத்தவர், "இனிமே இது வேணாம், பழகிருச்சு" என்றும் சொன்னார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவரே நிறுத்திவிட்டார், நான் காரணம் தேட வேண்டியதில்லை.

தேர்வில் தேறிவிட்டார். ஆளைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தாராம், பின்னாலிருந்து கத்தி நிறுத்தினார்களாம். "அந்த ஆளு ஒண்ணுமே கனக்கல" என்று வந்து சொன்னார். அம்மா எல்லாருக்கும் சீனி அள்ளிக் கொடுத்தாள். அப்புறம் எனக்குக் கல்யாணமானது, அண்ணன் ஊர் ஊராக மாற்றலாகிப் போனார். கிணற்றிலிருந்தும் கவிழ்ந்த பஸ்ஸிலிருந்தும் எத்தனையோ பேரைத் தூக்கினார். அந்த மத்தியானத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசியதே இல்லை.

அம்மா இறந்த வருஷத்துக் கல்லறைத் திருநாளில்தான் அந்தப் பேச்சு வந்தது. கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். என் சேலை முந்தானையை நெருப்புக்கு எட்டாமல் இழுத்துச் செருகச் சொல்லி அதட்டிய அண்ணன், அதே மூச்சில் சொன்னார்.

"அன்னைக்கு நீ பக்கத்து நடையில ஓடுனப்ப, முடிச்சுக்குள்ள கெடந்த கொலுசு சத்தம் கேட்டுச்சு."

என் கையிலிருந்த மெழுகுவத்தி அணைந்துவிட்டது. "அப்ப உங்க தோள்ல?"

"இருந்துச்சு. தொங்குன கை முதுகுல இடிச்சுக்கிட்டே வந்துச்சு."

"நான் இல்லன்னு தெரிஞ்சும் ஏண்ணே கீழ போடல?"

அண்ணன் என் மெழுகுவத்தியை வாங்கி, அம்மாவின் கல்லறையில் எரிந்ததில் பற்றவைத்துத் திரும்பக் கொடுத்தார்.

"உள்ள இருக்கீகளான்னு கூப்பிட்டது நான்ல. கூப்பிட்டுப்புட்டு எப்படி விட்டுட்டு வாரது? காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு புள்ள. ஆனா வாசல் வரைக்கும் இறக்கல."