கடற்காற்று தின்ற குழாய்

என் அண்ணருக்கு நான் செய்துகொடுத்த ஊன்றுதடி உள்ளே அரித்துப்போன தடி. அது எனக்குத் தெரியும். கையில் கொடுக்கும்போதே தெரியும்.

சொல்லிவிட்டேன். இதோடு நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு மனவருத்தம் இல்லை. இருந்து கேட்பீர்களானால், எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஏன் என்றும் சொல்லத்தான் வேண்டும்... அதைக் கேட்டபிறகு என் முகத்தைப் பார்க்க உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

என் தொழில் அன்ரெனா கட்டுவது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில், கொழும்பில் நான் வேலை பார்த்த ரேடியோக் கடை எரிந்தபிறகு, உடுத்த சாரத்தோடு உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தவன் நான். அப்போது ரீ.வி. வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே ஆசை. இந்தியா தெரியவேண்டும்! கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம் வந்து விழுவதென்றால் அன்ரெனா பனை உயரத்துக்கு நிற்கவேண்டும். நடுத்தண்டு நீளமாக இருக்கவேண்டும். வடமராட்சிக் கரையெங்கும் நான் ஏறாத கூரை குறைவு. கீழே நிற்பவர்கள், "இன்னும் கொஞ்சம் திருப்புங்கோ... ஆ, நில்லுங்கோ, தெரியுது!" என்று கத்துவார்கள். அந்தக் கூச்சல் எனக்குப் பிடிக்கும்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்க, மின்சாரம் நின்றது. நின்றது நின்றதுதான். அதன்பிறகு அன்ரெனாக்கள் காகம் இருக்க மட்டுமே உதவின. நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன்.

அண்ணரைப் பற்றிச் சொல்லவேண்டும். கணித ஆசிரியர். கலியாணம் செய்யவில்லை. அப்பா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். பிறகு என் வீட்டில், என்னோடும் என் மனைவி பவானியோடும் இருந்தார். படிப்பு ஏறாத என்னை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. ஒருநாளும் மெச்சியதுமில்லை. வீட்டுக்கு யாராவது வந்து என்னைப் பற்றி விசாரித்தால், "தம்பி உப்பிடி ஏதோ கம்பி கட்டித் திரியிறான்" என்பார். அதில் கோபமோ கேலியோ இருக்காது. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். அதுதான் எனக்குச் சுட்டது.

அவருக்கு நடையில் பித்து. இளவயதில் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய்வந்தவர். காட்டுக்குள்ளால், ஆற்று மணலுக்குள்ளால் நடந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வரும்போது ஷெல் விழுந்து, ஒரு துண்டு அவருடைய முழங்காலுக்குள் போனது. கால் மிஞ்சியது. மடங்காது.

கருங்காலித் தடியொன்றை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். கோவிலடி வரைக்கும் ஊன்றிப் பார்த்தார். "தோள் கழண்டு போகுது" என்று சொல்லி அதை மூலையில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். இருந்தவர் எழும்பவில்லை. நடந்த கதைகளும் நின்றுபோயின. அவருக்கு எதிரே இருந்து சாப்பிடவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் நான் தடி செய்யத் தொடங்கினேன்.

அன்ரெனாக் குழாய் அலுமினியம். சின்னக் குழாய் பெரிய குழாய்க்குள் இறுக்கமாகப் போகும். துளை போட்டு ஆணி செருகினால் ஆளுக்கேற்ற உயரத்தில் நிறுத்தலாம். பிடிக்குச் சயிக்கிள் கைபிடி ரப்பர், அடிக்குப் பழைய ரயர்த் துண்டு. மணலில் புதையாமலிருக்க வாளி மூடியை வட்டமாக வெட்டி அடியில் ஒரு தட்டு. நுனி நழுவினாலும் தடி விழாமலிருக்க மணிக்கட்டில் மாட்ட ஒரு வார். எல்லாம் என் மூளை! அந்த நாட்களில் நான் மறுபடியும் ஒரு மனிதனாக நடமாடினேன்.

முதல் தடியை அண்ணர் வாங்கி ஊன்றிப் பார்த்தார்.

"பாரம் குறைவுதான்," என்றார். "எண்டாலும் தோளைப் பிடிக்குது." திருப்பித் தந்துவிட்டார்.

அந்தத் தடி ஊருக்குள் போனது. அதைப் பார்த்து வேறு ஆட்கள் வந்தார்கள். கால் போனவர்கள், இடுப்புப் பிடித்தவர்கள், தொண்டைமானாற்றுச் சன்னதிக் கோவிலுக்கு நேர்த்தி வைத்து நடக்கிறவர்கள். எல்லாருக்கும் செய்தேன். ஒவ்வொரு தடியையும் இரண்டு வாங்குப் பலகைகளுக்கு நடுவே குறுக்கே வைத்து, தண்ணீர் நிரம்பிய வாளியைத் தொங்கவிட்டுப் பார்த்தபிறகுதான் கொடுப்பேன். வளைந்தால் கொடுக்கமாட்டேன்.

ஒரே ஒரு தடியில்தான் நான் வாளியைத் தொங்கவிடவில்லை.

பருத்தித்துறையில் கடலைப் பார்த்த வீடொன்றின் கூரையிலிருந்து ஒரு பழைய அன்ரெனாவைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஒரு காலத்தில் நானே கட்டியது. சயிக்கிளில் கட்டத் தூக்கியபோதே கை ஏமாந்தது. அவ்வளவு லேசு! வீட்டுக்கு வந்து வாளால் அறுத்தேன். மடியில் வெள்ளைத் தூள் கொட்டியது.

எனக்குத் தெரியாதா? கரையோரக் கூரைகளில் இதைப் பார்த்துப் பழகியவன்தானே நான்! உப்புக்காற்று குழாய்க்குள் போய் இருந்து தின்னும். வெளியே பார்த்தால் குழாய். உள்ளே சுவர் கரைந்து, சில இடத்தில் கடதாசித் தடிப்புக்கு வந்திருக்கும். அதனால்தான் லேசு. வேறொரு மாயமும் அதில் இல்லை.

எறிந்திருக்கவேண்டும். எறியவில்லை. இந்தப் பாரத்தில் ஒரு தடி இருந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாம்பலும் பழப்புளியும் போட்டு வெளிப்பக்கத்தை மினுக்கினேன். பார்க்க மட்டுந்தான் என்றால் ஏன் மினுக்கவேண்டும்? அண்ணருடைய உயரத்துக்கு ஏன் ஆணி போடவேண்டும்? கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

அண்ணர் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். தடியைக் கண்டார். எடுத்தார். எடுத்த கையை ஒருதரம் பார்த்தார்.

"இதென்னடா... கையிலை இருக்கிறதே தெரியேல்லை!"

நான் சாம்பல் சட்டியை ஒதுக்கி வைத்தேன்.

"எப்பிடியடா செய்தனீ?"

"அது ஒரு யுக்தி அண்ணை," என்றேன்.

முற்றத்தில் ஒரு சுற்று நடந்தார். வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். முகம் வேறு முகமாக இருந்தது.

"கெட்டிக்காரன்ரா நீ," என்றார். குசினிப் பக்கம் திரும்பி, "பவானி, இங்கை வந்து பார். உன்ரை மனுசன்ரை கைவேலையைப் பார்!" என்று சத்தம் போட்டார்.

அந்தச் சொல்லுக்காகத்தான். வேறு காரணம் இல்லை. பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த சொல் அது. அரித்துப்போன ஒரு குழாயின் வழியாக வந்து சேர்ந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நல்ல குழாய் என்னிடம் இல்லாமலா? இருந்தது. என் சொந்தக் கூரையில் நின்றது. எங்கள் ஒழுங்கையின் இருபக்க வீடுகளிலும் அதுதான் உயரமான அன்ரெனா. நான் கட்டியவற்றுள் சிறந்தது. அதன் நடுத்தண்டு ஒரு பிழையுமில்லாத அலுமினியம். கழற்றியிருந்தால் அண்ணருக்குக் கொஞ்சம் பாரமான, நம்பி ஊன்றக்கூடிய தடி கிடைத்திருக்கும். ஒருநாள் பவானியே கேட்டாள்.

"எல்லாற்றை கூரையிலையும் கழட்டுறியள். எங்கடையை ஏன் விட்டு வைச்சிருக்கிறியள்?"

"கரண்ட் வந்தால்?" என்றேன்.

கரண்ட் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெருவால் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும் ஒன்று எனக்கென்று அது மட்டுமே இருந்தது.

அண்ணர் சன்னதிக்கு நடப்பதென்று நேர்த்தி வைத்தார். அந்தத் தடியோடு. நான் சயிக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். தொண்டைமானாறு வரைக்கும் நான் பார்த்தது தடியை மட்டுந்தான். அவர் ஊன்றுகிற ஒவ்வொரு தரமும் முறியும் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். தடி தாங்கியது. கோவில் வீதி மணலிலும் தாங்கியது. திரும்பும் வழியில் ஒரு மர நிழலில் நின்று கதிர்காமக் கதையை மறுபடியும் தொடங்கினார்... எத்தனை காலத்துக்குப் பிறகு! நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்தார்.

அதன்பிறகு எனக்குத் துணிவு வந்துவிட்டது. தாங்குகிறதுதானே! உள்ளே அரிப்பு நின்றிருக்கலாம் என்றும் நினைத்தேன்.

ஆனால் அது நிற்கவில்லை. மாலையில் வீட்டுக்குள் ஏறும்போது அண்ணர் மண்ணை உதறப் படியில் தடியைத் தட்டுவார். அடியிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் விழும். சுவர்ச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று நினைத்துப் பவானி விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுவாள். நான் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை மாலைகள்! வாயைத் திறக்க எத்தனை மாலைகள் எனக்குத் தரப்பட்டன!

தொண்ணூற்றைந்து ஒக்ரோபர் முடியும் நேரத்தில், இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. உங்களுக்கு அது தெரிந்திருக்கும். ஒலிபெருக்கியில் வெளியேறச் சொன்னார்கள், மழை பெய்தது, எல்லாரும் தென்மராட்சிக்கு ஒரே தெருவில் இறங்கினோம். சயிக்கிளில் அரிசியும் பாயும் கட்டினேன். சாமான் ஏற்றியபிறகு அண்ணரை ஏற்ற அதில் இடமில்லை.

"எனக்குத்தான் தடி இருக்கே," என்றார். "நீ பயப்பிடாதை. நான் நடந்து வாறன்."

ஒழுங்கை முடக்கில் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கூரையில் அன்ரெனா மழையில் நின்றது. நல்ல குழாய்.

நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது விடிந்திருந்தது. சனம் ஓரடி நகரும், நிற்கும். தோளோடு தோள். அண்ணர் எனக்கு முன்னால், இரண்டு கையாலும் தடியைப் பிடித்து, அதில் முழுப்பாரத்தையும் போட்டு நின்றார். பின்னாலிருந்து ஒரு நெருக்கு வந்தது. தடியின் நுனி சேற்றுக் கிடங்கொன்றில் இறங்கியது.

டக் என்று ஒரு சின்னச் சத்தம். எனக்கு மட்டுந்தான் அது கேட்டிருக்கும். நான் அதற்காகத்தானே காது கொடுத்துக்கொண்டிருந்தேன்!

அண்ணர் பக்கவாட்டில் விழுந்தார். மூட்டை கட்டிய யாரோ ஒருவருடைய சயிக்கிள் அவர்மேல் சரிந்தது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நான் முதலில் குனிந்து எடுத்தது அண்ணரை அல்ல. தடியை. முறிந்த வாயைப் பார்த்தேன். வெள்ளைத் தூள் மழையில் களியாகி நின்றது. அதைப் பெருவிரலால் துடைத்தேன். யாரும் பார்க்கக்கூடாது என்று துடைத்தேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" பவானி கத்தினாள். "அண்ணையைத் தூக்குங்கோவன்!"

இரண்டு துண்டையும் தெருவோரத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டுத்தான் தூக்கினேன்.

அதன்பிறகு நடந்தவை எனக்குத் துணியால் மூடியதுபோலத்தான் நினைவிலிருக்கின்றன. யாருடையவோ வண்டில். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம். வாங்குகளைச் சேர்த்து அண்ணரைக் கிடத்தினோம். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, இனி எழும்பி நடப்பது கஷ்டம் என்று பார்த்த டொக்டர் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். கிடந்த கிடையில் அண்ணருக்குச் சளி கட்டியது. அவர் பொங்கலைக் காணவில்லை.

போவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னர், ஒரு மத்தியானம், நான் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தடுத்தார்.

"தம்பி, அந்தத் தடி..."

என் கையிலிருந்த கோப்பை ஆடவில்லை. அதை நான் கவனித்தேன். ஒன்றுமே ஆடவில்லை.

"நீ எவ்வளவு பாடுபட்டுச் செய்தது. நான்தான் பிழையாய் ஊண்டிப்போட்டன். அவ்வளவு பாரத்தை அதிலை போட்டிருக்கக் கூடாது." மூச்சு எடுத்துக்கொண்டு, "முறிச்சுப்போட்டன்ரா. கோவியாதை," என்றார்.

பவானி பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கி என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவருக்குக் காது கேட்டது, அறிவு தெளிவாக இருந்தது, என் கை அவருடைய கைக்குள் இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

"பரவாயில்லை அண்ணை," என்றேன்.

அவருடைய முகம் ஆறுதலடைந்தது. கஞ்சியை முழுவதும் குடித்தார்.

பவானிக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு திவசத்துக்கும் படையல் வைத்துவிட்டு, "கடைசியிலையும் உங்கடை தடியை நினைச்சுத்தான் கவலைப்பட்டவர்," என்பாள். நான் ஓம் என்பேன்.

நீங்கள் நல்லவர்களாக இருக்கலாம். இவ்வளவையும் கேட்டபிறகு எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல உங்களுக்கு வாய் வரலாம். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நான் அவருக்குச் சொன்னவன்.