கொட்டாஞ்சேனையில் ஒரு வீல் கப்

நான் தேடி வந்த கார் ஷோரூமில் இப்போது பெயிண்டும் டயரும் விற்கிறார்கள். அந்த இங்கிலாந்துக் கார் கம்பெனியே செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. கண்ணாடிக்குப் பின்னால் புதுக் காரை ஏற்றி வைத்த சரிவு மேடை மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் இன்று பெயிண்ட் வாளிகள் கொலுவிருக்கின்றன.

கொப்பியைத் திறந்து மேடையை வரைகிறேன். கடை முதலாளி ஹாஜியார் பாய்ந்து வந்து கொப்பியை மூடுகிறார்.

"சந்தியில செக்பொயின்ட் ஈக்கி. யாழ்ப்பாணத்து ஐடென்டிட்டிய வெச்சிட்டு கட்டடம் கீறுறீங்க. புடிச்சிக் கேட்டா என்ன செல்லுவீங்க?"

"பழைய கார் ஏஜென்சிகளின்ர சரித்திரம் எழுதுறன் எண்டு."

"அத எங்கட உம்மாவே நம்பமாட்டாங்க."

உள்ளே போனவர் கார்ச் சில்லை மூடும் துருப்பிடித்த வீல் கப் ஒன்றோடு வருகிறார். நடுவில் அந்தக் கம்பெனியின் சின்னம்.

"இத வாங்கத்தான் வந்தேன்னு செல்லுங்க. சாமான் தேடுறவன ஆரும் சந்தேகப்படமாட்டான்."

செக்பொயின்டில் கொப்பி இடுப்பில் ஒளிந்திருக்கிறது, வீல் கப் கையில். சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

"மற்ற மூன்றும்?" என்று சிங்களத்தில் கேட்கிறான்.

"தேடுகிறேன், சேர்."

அவன் முகம் மலர்கிறது. அவனுடைய அப்பா இதே கம்பெனிக் கார் ஒன்றுக்கு டிரைவராம். வத்தளையில் அதை விற்ற கடை, முதலாளியின் பெயர், அந்த முதலாளியின் மகன் இப்போது இருக்கும் ஒழுங்கை, எல்லாம் சொல்கிறான். மூன்று மாதமாக நான் நாயாய் அலைந்து தேடிய விபரம்!

கொப்பியை எடுக்கத் தைரியமில்லை. மறந்துவிடாமல் அதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடக்கிறேன்.