சைக்கிள் வரி இருந்த வரைக்கும்

ஆரணிக்கு நான் வந்தபோது என் சைக்கிளில் தேவிகாபுரம் பஞ்சாயத்துப் பில்லை இருந்தது. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்ட வேண்டும். கட்டினால் ஒரு தகரப் பில்லை தருவார்கள், அதை வண்டியில் பூட்டிக்கொள்ள வேண்டும். "இது ஊர்ப் பில்லை, இங்க செல்லாது" என்று நகராட்சி வரிக்காரர் சொன்ன அன்றே ஓடிப்போய் ஆரணிப் பில்லை வாங்கிவிட்டேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். காக்கிச் சட்டைக்காரர் எதைச் சொன்னாலும் உடனே செய்துவிடுவேன்.

பில்லை மாறியதால் நான் ஆரணிக்காரன் ஆகிவிடவில்லை. தெருவில் எனக்குப் பெயர் 'தேவிகாபுரம்'தான். அப்படிக் கூப்பிடவும் ஆள் வேண்டுமே. அரிசி மண்டியில் மூட்டை வாய் தைத்துவிட்டு அறைக்கு வந்தால், மறுநாள் மண்டிக்குப் போகிறவரை என் குரல் எனக்கே கேட்காது.

நான் இருந்தது நெசவுக்காரர்கள் தெரு. என் அறையில் முன்பு தறி போட்டிருந்தார்களாம், அதனால் நல்ல நீளம். காலையில் தெரு நெடுகப் பாவு நீட்டிப் பட்டு இழைகளைச் சரி செய்வார்கள். அந்த நேரத்தில் யாரும் சைக்கிளில் ஏறிப் போக முடியாது. வரிக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார். ஏறி ஓட முடியாதவனைப் பிடிப்பது சுலபம். பில்லை இல்லாத வண்டி நகராட்சி ஆபீசுக்குப் போய்விடும்.

முதல் தடவை எதிர்வீட்டு நெசவாளி என் கதவைத் தட்டியபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"யோவ் தேவிகாபுரம், கதவத் தொறய்யா ஜல்தி! வரிக்காரன் வந்துகினு கீறான்."

"என்கிட்ட பில்லை இருக்குதுங்க."

"அதுக்குத்தான்யா! பில்லை வெச்சிகினு கீறவன் ரூம எவன் எட்டிப் பாப்பான்?"

அவர் பின்னாலேயே நாலைந்து பேர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். பாய்மேல் ஒன்று, அடுப்பை உரசிக்கொண்டு ஒன்று. மாட்டினால் எனக்குத்தான் ஜெயில் என்று முடிவே செய்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு என் சைக்கிளோடு வெளியே நின்றேன். வரிக்காரர் வந்து என் பில்லையைத் தடவிப் பார்த்தார்.

"ஏன்யா, இந்தத் தெருவுலயே நீ ஒருத்தன்தான் சைக்கிள் வெச்சிருக்கிறியா?"

நான் குனிந்து என் பில்லையை வேட்டி நுனியால் துடைத்தேன். "சரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்று அவர் கதவில் கை வைத்தார். எதிர்வீட்டு நெசவாளியின் மனைவி சொம்போடு ஓடி வந்தார்.

"அந்தாளு பானை கழுவியே ஒரு மாசம் ஆவுதுங்க. இத குடிங்க."

வரிக்காரர் போனதும் அறைக்குள் ஒரே சிரிப்பு. கடையிலிருந்து டீ வந்தது. என் டிரங்குப் பெட்டிமேல் ஒருவர், பாயில் மற்றவர்கள். "இன்னாய்யா, இப்டி வேர்த்து ஊத்துது உனுக்கு?" என்று எதிர்வீட்டுக்காரர் தன் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அன்று நான் மண்டிக்கு முகம் கழுவாமல் போனேன்.

அதிலிருந்து, வரிக்காரர் நாளைக்கு வந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே படுப்பேன். அவர் வராத மாதங்களில் ஏன் வரவில்லை என்று கவலைப்படுவேன். வருஷம் பிறந்ததும் முதல் ஆளாய்ப் பில்லை வாங்குவேன். அது இல்லாவிட்டால் என் அறையை யார் தேடுவார்கள்? அடுப்பை மூலைக்குத் தள்ளி, இன்னும் இரண்டு வண்டி நிற்க இடம் செய்தேன்.

பிறகு ஒரு வருஷம் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்தான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "இனிமே சைக்கிளுக்கு வரி கெடையாதாம்! பேஜார் வுட்டுது!"

"நல்லதாப் போச்சுங்க" என்றேன் நானும்.

மறுநாள் காலை பாவு நீட்டியிருந்தது. சுவரெல்லாம் சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. இத்தனை வண்டிகளை வெளியில் ஒன்றாக நான் பார்த்ததே இல்லை. கதவைத் திறந்து வைத்து வாசலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பாவின்மேல் குனிந்திருந்தார்.

"இன்னா தேவிகாபுரம், மண்டிக்குப் போவல?"

"போவணுங்க." ஆட்களைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னேன்: "கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போங்களேன்."

"எதுக்குய்யா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், அறுந்த இழை ஒன்றைத் தேடிக்கொண்டு பாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.