செல்வராசுவின் முள்கம்பி

நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டே இந்திச் சொற்கள்... "ஹாங் ஜி", ஆமாம் ஐயா. அந்த இரண்டு சொற்களால், இந்தக் கண்கள் கண்டவற்றிலேயே மிக அழகான கைவேலையை நான் கொன்றேன்.

கொன்றேன் என்றுதான் எழுதுகிறேன். பெரிய சொல்லாக இருக்கிறதே என்று நீங்கள் சிரிக்கலாம். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

போர்ட் பிளேரில் எங்களுக்கென்று ஒரு சிறு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளி அறையில் கூடி, டாங்கி, பீரங்கி, சுண்டுவிரல் உயரச் சிப்பாய் என்று சின்னஞ்சிறு போர்க்களங்களை ஒட்டிக்கொண்டும் சாயம் பூசிக்கொண்டும் இருப்போம். எருமை மாட்டு வயதில் பொம்மை விளையாட்டா என்று என் மனைவி கேட்பாள். கேட்கட்டும்! அந்த அறையில் நான் உஸ்தாத். பெங்காலியோ தெலுங்கரோ மலையாளியோ, யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். வெளியே நான் கப்பல் எஞ்சின் உதிரிபாகம் விற்கும் சாதாரண அமல்ராஜ். அந்த அறையின் மரியாதை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டது.

அங்கேதான் செல்வராசு வந்து சேர்ந்தான்.

ஜங்லிகாட்டில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் படகேறி வருவான். அவன் அப்பா இலங்கையின் தேயிலை மலையிலிருந்து இங்கே ரப்பர்த் தோட்டத்துக்குக் குடியமர்த்தப்பட்டவர். வீட்டில் பேசும் தமிழை அவன் எங்களிடமும் அப்படியே பேசுவான். நடு நடுவே எல்லோரையும்போல் இந்தி.

வந்த புதிதில் அவன் செய்தது முள்கம்பி மட்டும்தான். ஆனால் என்ன முள்கம்பி!

எரிந்துபோன மின்விசிறிக் காயிலை நீங்கள் குப்பையில் போடுவீர்கள். அவன் அதிலிருந்து தலைமுடி பருமனுள்ள செம்புக் கம்பியை உருவுவான். இரண்டு இழைகளின் ஒரு முனையைப் பிடிப்பானில் இறுக்கி, மறுமுனையைக் கைத்துளைப்பானில் மாட்டி மெல்லச் சுற்றுவான். வேகமாய்ச் சுற்றினால் கயிறு மாதிரி ஆகிவிடுமாம். பிறகு அதைவிட மெல்லிய இழையை அரை அரிசிமணி இடைவெளிக்கு ஒன்றாக நுழைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை நகவெட்டியால் சாய்வாக நறுக்குவான். ஒவ்வொரு முடிச்சிலும் ஊசிமுனையால் துளிப் பசை. விரலால் வருடினால் குத்தும்... உண்மையாகவே குத்தும்! நான் குத்தவைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதோடு விட்டானா? எங்கள் தீவில் துருவுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சாத்தம் படகுத்துறைப் பக்கம் கிடக்கும் பழைய சங்கிலியிலிருந்து துருவைச் சுரண்டி, சலித்து, அதையே கம்பியில் ஏற்றினான். கடல் பார்த்த பக்கம் துரு கனமாக இருக்கும். முடிச்சுகளில் இன்னும் கனம், ஏனென்றால் தண்ணீர் தங்கும் இடம் அதுதான். ஓரிடத்தில் கம்பி அறுந்து மண்ணில் தொங்கும். கம்பத்துக்குக் கம்பம் லேசாகத் தொய்ந்திருக்கும். நானோ கொசுவலைக் கம்பியை உருவி, துணி காயப்போடும் கொடி போல விறைப்பாக இழுத்துக் கட்டுகிற ஆசாமி.

பாம்பின் கால் பாம்பறியும். அவன் வேலையின் அருமை அந்த அறையில் என்னளவுக்கு யாருக்கும் புரியவில்லை. வாயாரப் புகழ்ந்தேன், "உன் கைக்கு முத்தம் கொடுக்கணும்டா" என்றேன். மனதார நேசித்தேன் அந்தக் கம்பியை. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்கிறீர்களா? இருந்தன... இப்போதும் இருக்கின்றன.

கண்காட்சி வந்தது. டாங்கியும் சிப்பாயும் கடையில் வாங்கிய பெட்டியிலிருந்து வரலாம். சுற்றியுள்ள காட்சி முழுக்கக் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது விதி. முதலிடம் பெறுவது, செய்தவன் பெயரோடு, மண்டப வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும்.

செல்வராசு கடலோரப் பதுங்குகுழி ஒன்றைச் செய்திருந்தான். யுத்த காலத்தில் ஜப்பானியர் கட்டிப்போன, நீங்கள் கடற்கரைக்குப் போனால் இன்றும் பார்க்கிற அதே மாதிரி. அதைச் சுற்றி அவன் முள்கம்பி. மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"அண்ணே, ஒரே ஒருக்கா அந்தப் பொட்டிக்குள்ள என் பேரப் புஷ்பத்துக்குக் காட்டணும். கல்யாணம் கட்டுனதுல இருந்து பிரயோசனமா ஒண்ணுமே செய்யலேங்குறா. இன்னைக்கு வர்றா. படகு ஜெட்டிக்குப் போய்க் கூட்டியாந்துர்றேன்."

மனைவியை அழைத்துவரப் போய்விட்டான். மேசைகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. அதனால் நடுவர் வந்தபோது பக்கத்தில் நான் நின்றேன்.

நடுவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு பெருமூச்சு விட்டார். "க்யா பாத் ஹை! யே தார் மெயின்லேண்ட் சே மங்வாயா ஹோகா, ஹை நா?"

அடடா, இந்தக் கம்பி மெயின்லேண்டிலிருந்து வரவழைத்ததுதானே என்று கேட்கிறார். எங்கள் தீவின் பழக்கத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெங்காயத்திலிருந்து சிமெண்ட் வரை எல்லாம் கப்பலில் வருகிற ஊர் இது. நல்ல பொருளைப் பார்த்தால் மெயின்லேண்ட் மால் என்போம். அதற்கு மேல் இங்கே பாராட்டே கிடையாது. அவர் செல்வராசுவின் தலையில் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தார்... தனக்கே தெரியாமல்!

இல்லை ஐயா, அவன் கையால் முறுக்கியது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து மேசையில் என் டாங்கி நின்றது. நான் அதைப் பார்த்தேன்.

"ஹாங் ஜி" என்றேன்.

அவர் முகம் வாடியது. ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். முதலிடம் எனக்கு. காரணம் எதையும் அவர் மேடையில் சொல்லவில்லை.

அரங்கத்தில் எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவன் செல்வராசு. புஷ்பம் புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க ஒங்க பேரு?" என்று கேட்டாள். "அடுத்த வருசம்" என்றான். நான் காது கேளாதவன் போல நின்றேன்.

இதுவரை கேட்டதற்கே என்னை வெறுத்துவிட்டீர்களா? பொறுங்கள். பெரிய பாவம் இனிமேல்தான்.

சில நாள் கழித்து, பதுங்குகுழியை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, நீங்க ஜட்ஜ் பக்கத்துலதானே நின்னீங்க. எங்க பிழை? மறைக்காமச் சொல்லுங்க."

கடவுள் கதவைத் திறந்து வைத்துக் கேட்டது போலிருந்தது. ஒரு வாக்கியம் போதும். அடிப்பான், அல்லது அழுவான். ஆனால் கம்பி பிழைத்திருக்கும். என் வாய் திறந்தது. வந்தது வேறு.

"முள்ளுதான் செல்வா... கொஞ்சம் பெருசா இருக்கு."

பொய்! அந்த முள் இம்மியும் பெரிதில்லை. அதைவிடச் சரியான முள்ளை உலகத்தில் யாரும் செய்ய முடியாது.

அவன் கம்பியைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பிடியா... எனக்குத் தோணவே இல்லையே அண்ணே" என்றான். ஏமாற்றம்கூட இல்லை அந்தக் குரலில். நோய் என்னவென்று டாக்டர் சொல்லிவிட்ட நிம்மதி. பையிலிருந்து நகவெட்டியை எடுத்தான்.

"டேய், அப்புறம் பார்த்துக்கலாம்..."

"இல்லண்ணே. பிழையின்னு தெரிஞ்சப்புறம் வச்சிருக்க ஏலாது."

கம்பத்துக்குக் கம்பமாக நறுக்கினான். தொய்வும், துருவும், அறுந்து தொங்கிய அந்த ஒற்றை இழையும் என் சாப்பாட்டு மேசையில் குப்பையாக விழுந்தன. என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தடுக்க எனக்குக் கை இருந்தது. வாய் இருந்தது. தேநீர் குடித்தேன்.

மாதாகோயில் பூசைக்குப் போகிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்கிறேன், மனைவியிடம் கத்தியது, கடையில் சொன்ன சில்லறைப் பொய்கள் என்று அடுக்குவேன். இதை மட்டும் சொன்னதில்லை. சாமியார் மன்னித்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது. செல்வராசு மன்னிக்காமல் அவர் எப்படி மன்னிக்கலாம்? செல்வராசுவிடம் சொல்லவோ... முடியவில்லை. வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அது நான்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்கிற முள் சிறிதாகிக்கொண்டே போகிறது. இப்போது அது தூசு படிந்த நூல் போலிருக்கிறது. அடுத்த கண்காட்சியில் வந்த வேறொரு நடுவர் அந்த மேசையருகே நிற்கவே இல்லை. புஷ்பம் வரவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமைகூடப் புதிய துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "இப்ப சரியா அண்ணே?" என்று கேட்டான். சரியில்லை என்று அவன் கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? துரு எங்கே தங்கும் என்று கண்ட கண்ணாயிற்றே அது! ஆனால் அவன் தன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டான். என்னை நம்புகிறான்.

"சரியா இருக்குடா" என்றேன்.