சட்டைப்பையில் ஃபியூஸ்

பிள்ளைகளே, அமரவிளையில் வெள்ளம் வடிந்த மறுநாள் நம் வீட்டுக்கு ஒரு லைன்மேன் வந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை சேறு. வந்ததும் மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தோட்டத்தில் இன்னும் தேங்கிய தண்ணீரில் வாழைக்கிழங்கு அழுகிவிடுமே என்று எனக்குப் பதற்றம்.

"மோட்டரு போட்டு எறைக்கணும் அண்ணே, அதைத் தாரும்."

"சொவரு ஊறிக் கெடக்கு, இவனுக்கு மோட்டரு வேணுமாம்! எலே மக்கா, அந்த சுவிச்சுக்க பக்கத்துல நிக்கது ஆராக்கும்?"

திரும்பினேன். சின்னவளே, ஈரச் சுவரில் சாய்ந்து நீ நின்றாய்.

ஃபியூஸோடு போனவர் நாலாம் நாள் வந்து சுவர், வயர், மோட்டார் எல்லாவற்றையும் சோதித்தார். ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டே, "பிள்ளைக எங்க?" என்றார். நீங்கள் ரோட்டில் போய் நின்ற பிறகே மாட்டினார்.

வாழையில் பாதி அழுகிப் போயிற்று. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றும் சுவிட்சைத் தொடுமுன் நீங்கள் எங்கே என்று தேடுகிறேன்.