கருத்து சொன்னால்தான் அடுத்த புத்தகம்

வாடகை நூல்நிலையம் நடத்தியவர்களுக்குத் தெரியும்: புத்தகத்தைக் கிழிப்பவனைக்கூட மன்னித்துவிடலாம், படித்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் மேஜைமேல் போட்டுவிட்டுப் போகிறவனை மன்னிக்கவே முடியாது.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்த சகாக்களே, நானும் உங்களில் ஒருத்திதான். தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் கடை போட்டேன். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து ஹார்ட்வேர் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், தன் கடையைப் பலகையால் தடுத்து ஒரு பாதியை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இந்தப் பக்கம் நாவல், அந்தப் பக்கம் ஆணி. வாசலில் எண்ணூர் போகிற கண்டெய்னர் லாரிகள். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து, சீரியல் மெகா சீரியலாக வளர்ந்துகொண்டிருந்த காலம். அந்த நேரம் பார்த்துப் புத்தகக் கடை திறந்த என் புத்தியை என்னவென்று சொல்ல!

'நல்லா கீது' செல்லாது

ஏழுமலை எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். எந்த நாவலைக் கொண்டுவந்து போட்டாலும் ஒரே பதில்தான்: "நல்லா கீதுக்கா." காதல் கதையா, நல்லா கீது. பேய்க் கதையா, அதுவும் நல்லா கீது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "கடைசியில அந்தப் பொண்ணு யாரைக் கட்டிக்கிட்டா, சொல்லு பார்க்கலாம்" என்றேன். ஆள் திருதிருவென்று முழித்தார். பாதியில் தூங்கிப் போனவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு வந்ததே கோபம். "இனிமே இந்தக் கடையில 'நல்லா கீது' செல்லாது. ஏன் நல்லா இருக்கு, ஏன் நல்லா இல்லேன்னு சொன்னாத்தான் அடுத்த புத்தகம். இது எல்லாருக்கும் சட்டம்!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது. இருக்கிற நாலு வாடிக்கையாளரும் ஓடிவிட்டால்? ஏழுமலை முறைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தையே திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் ஷிப்ட் முடிந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் மூச்சு வாங்க வந்து நின்றார். "அந்தப் பொண்ணு அவன கட்டிக்கினது தப்புக்கா! நான் மட்டும் அங்க இருந்திருந்தா, தாலி கட்ட வுட்டுருக்கவே மாட்டேன்!"

பைண்டர் கொடுத்த முடிவு

நம் தொழிலில் புத்தகத்துக்கு ஆயுள் கம்மி. முதுகு பிய்ந்ததும் கட்டாகக் கட்டி பைண்டரிடம் அனுப்புவோம். அவர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, ஒரே மாதிரி அட்டை ஒட்டித் தைத்து அனுப்புவார். அப்படி ஒரு முறை திரும்பி வந்த ஒரு துப்பறியும் நாவலை ஸ்டெல்லா டீச்சர் எடுத்துப் போனார். ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர், லேசில் எதையும் பாராட்ட மாட்டார். அவரே வந்து, "முடிவு அற்புதம்மா! துப்பறிகிறவர் கொலைகாரனைத் தேடுறதை விட்டுட்டு, 'தேடுகிறவன் யார்'னு யோசிக்க ஆரம்பிச்சிடறார். நம்ம ஆளுங்களுக்கு இப்படி எழுதத் துணிச்சல் வந்துடுச்சே!" என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்த நாவலை நானும் படித்திருக்கிறேன், அதில் அப்படி ஒன்றும் கிடையாது. புரட்டிப் பார்த்தால், அடப்பாவி பைண்டரே! கடைசி முப்பது பக்கம் ஒரு தத்துவப் புத்தகத்துடையது. அப்படியென்றால் நாவலின் கடைசி எங்கே? தத்துவத்தின் வாலில்தான். அந்தத் தத்துவப் புத்தகமோ, ஒல்லியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏழுமலை கையோடு போயிருந்தது. நான் பதறிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். சட்டப்படி கருத்தும் சொன்னார்: "'ஒடம்புக்குள்ள கீறவன் யாரு, உள்ள கீறவன் யாரு'ன்னு புக்கு முச்சூடும் கேட்டுக்கினே வந்தான்கா. கடைசில பாத்தா, சமையக்காரனாம்!"

கிரேன்காரர் கொளுத்திப் போட்டது

சட்டம் போட்ட புதிதில் முணுமுணுத்தவர்கள் கொஞ்ச நாளில் கருத்து சொல்லவே படிக்க ஆரம்பித்தார்கள். சாயங்காலமானால் கடை வாசலில் கும்பல். ஒருத்தர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர், "அட நீ இரு நைனா, நான் சொல்றேன்" என்று பேச்சைப் பிடுங்கிக்கொள்வார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்தில் நான் ஒரு மகாராணி மாதிரிதான் உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தனசேகர் ஒரு தடித் தத்துவப் புத்தகத்தைத் தூக்கிப் போனார். மனுஷன் செய்வதெல்லாம் முன்கூட்டியே முடிவானது என்று சொல்லும் புத்தகம். ஒரு அத்தியாயம் முடித்தால் ஒரு கருத்து என்று தவணை முறையில் வந்து சொல்வார். "நம்ப கைல ஒண்ணுமே இல்லக்கா. நான் கொக்கிய ஏத்தி எறக்கற மாதிரி, மேல ஒருத்தன் நம்பள ஏத்தி எறக்கிக்கினு கீறான்." ஸ்டெல்லா டீச்சர் விடுவாரா? "அப்ப அவரை ஏத்தி இறக்கறது யாருங்க?" அவ்வளவுதான், தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. நாள்தோறும் சண்டை. பைப் வாங்க வந்தவர்கள் உள்ளே நுழைய வழியில்லாமல் திரும்பிப் போனார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "யம்மா, ஒண்ணு இந்தப் பேச்சு நிக்கணும், இல்ல தை பொறந்ததும் எடத்தைக் காலி பண்ணணும். செல்போன் கடை வைக்க ஒருத்தன் நாயா அலையுதான்."

பேசக் கூடாது

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. வேறு இடம் பிடிக்க எனக்கு வழியே கிடையாது. கடை போனால் தையல் மெஷின் பக்கம்தான் போக வேண்டும். வேறு வழியில்லாமல் ஒரு அட்டையில் 'இங்கே பேசக் கூடாது' என்று எழுதி மாட்டினேன். எழுதும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாளிலிருந்து வருவார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், புத்தகத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். ஏழுமலை மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடினார், பார்க்கவே பாவமாக இருந்தது. தனசேகர் புத்தகத்தை முடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். கருத்து சொல்ல முடியாதென்றால் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டார். ஸ்டெல்லா டீச்சர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா இது அநியாயம்? உங்க கடை நிஜ லைப்ரரி மாதிரி ஆயிடுச்சே!"

பலகைக்கு அந்தப் பக்கம்

ஒரு வாரம் போயிருக்கும். கடை திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வந்து நின்றார். போச்சு, இன்னும் என்ன குறை சொல்லப் போகிறாரோ என்று துடைப்பத்தோடு நிமிர்ந்தேன். அவர் அட்டையைக் கழற்றித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கிரேன்காரன் எங்க?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நம்ம கையில ஒண்ணும் இல்லேன்னு சொன்னாம்லா. ஒரு வாரமா அதுதான் மண்டைக்குள்ள ஓடுது, ஆணியை எடை போடக்கூட முடியல. சின்னப் பையனா, ஒத்தைச் சட்டையோட நான் ரயிலேறி வந்தேன். என்னை எவன் தூக்கி ரயில்ல வச்சான்? நானால்லா ஏறுனேன்!" அவர் குரல் ஏறியதும்தான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் பலகைக்கு அந்தப் பக்கம் அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "நீங்க அந்தப் புத்தகத்தைப் படிச்சீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"படிக்கல. ஆனா அவன் சொன்னது தப்பு. வரச் சொல்லு அவனை."

தை பொறந்தது

அன்று சாயங்காலம் தேரடியே கூடிவிட்டது. அண்ணாச்சி, மழை பொய்த்த வருஷம் ஊரைவிட்டு ரயிலேறிய கதையைச் சொல்லி மார்தட்டினார். தனசேகர் நிதானமாக ஒன்றே ஒன்று கேட்டார்: "ஊர்ல அந்த வருசம் நல்ல மழை பேஞ்சிருந்தா, ரயிலேறி இருப்பியா அண்ணாச்சி?" பைப் வாங்க வந்தவர்கூட, பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார். கடைசியில் அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "அந்தப் புஸ்தகத்தை எடும்மா. படிச்சிட்டு வந்து இவனுக்குப் பதில் சொல்லுதேன்" என்றார். விசில் பறந்தது. முதல் விசில் ஏழுமலையுடையது. இரண்டாவது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னுடையது.

தை பிறந்ததும் செல்போன் கடைக்காரர் வந்தார். அளவு எடுக்க டேப்பெல்லாம் கொண்டுவந்திருந்தார். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக வந்தவரை ஒரு பார்வை பார்த்து, படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் ஒரு ஆணியை அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடினார். "எடம் காலியில்ல தம்பி. நான் இன்னும் ஆறாவது அத்தியாயத்துலதான் நிக்கேன்."

ஆகவே, இடுப்பு ஒடிந்த சகாக்களே, கடைக்கு இடம் பிடிக்கும்போது வாடகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், இடத்துக்காரருக்குத் தடியான புத்தகமாகப் பார்த்துக் கொடுங்கள்.