ஒரு சைபர் விட்டுப்போன ரேடியோ

பார்சலைப் பிரித்ததும் ஏரியல்காரர் முதலில் செய்கிற காரியம், உள்ளே இருப்பதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பது. டிரான்சிஸ்டர் கருகினால் ஒரு வாடை, கம்பிச் சுருள் கருகினால் வேறு வாடை. மீட்டரைத் தொடும் முன்பே மூக்கு சொல்லிவிடும். "அடுப்புல பால் தீயற வாசனை மட்டும் அந்த மூக்குக்கு எட்டாது" என்பார் அவர் மனைவி.

ஏரியல்காரர் என்பது, மொட்டை மாடியில் நட்டு வைத்திருக்கும் ஏரியல் கம்பத்தால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். தொலைபேசித் துறையில் முப்பத்துநான்கு வருடம் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முறையாகப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே ரேடியோவில் உலகத்தோடு பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தக் கூட்டத்தில் அப்பா அம்மா வைத்த பெயருக்கு மதிப்பில்லை. அரசாங்கம் கொடுத்த, எழுத்தும் எண்ணும் கலந்த அழைப்புக் குறிதான் பேர், மானம் எல்லாம். நெற்றியில் ஒன்றும் மூக்கில் ஒன்றுமாக எந்நேரமும் இரண்டு கண்ணாடி. கிழமைக்கு ஓர் அறை வைத்த மாத்திரைப் பெட்டிகள் இரண்டு வைத்திருக்கிறார். ஒன்றில் மாத்திரை, மற்றதில் மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற, அரிசி மணி அளவு ரெசிஸ்டர்கள். "என்னைக்காவது மாத்தி முழுங்கப் போறீங்க" என்று அதற்கும் ஒரு பாட்டு விழும். கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டார். ஆள்காட்டி விரல் மேஜையில் தந்தி அடிக்கும். மனைவிக்குத் தந்தி பாஷை தெரியாது; வேகத்தை வைத்தே, திட்டு தனக்கா ஊருக்கா என்று கண்டுபிடித்துவிடுவார்.

அன்று வந்த பார்சலைப் பிரித்ததும் விரலோடு வாயும் சேர்ந்துகொண்டது.

பார்சலை அனுப்பியவர் எங்கோ ஒரு பள்ளியின் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் காட்டுவதற்காக ஒரு கடையில் பாகங்கள் வாங்கி ரேடியோ செய்தாராம். ஐந்தே நிமிடத்தில் புகை. அணைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டாராம். ரேடியோவின் சர்க்யூட் பலகையில் அச்சடித்திருந்த அழைப்புக் குறியைத் தேடி இவரைப் பிடித்திருக்கிறார். "உங்க பேரப் பாத்துத்தான் சார் வாங்கினேன்" என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு.

குறி இவருடையதுதான். ரேடியோவும் இவருடையதுதான். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் வரைந்து, ஒரு பத்திரிகைக்குச் சும்மா கொடுத்த சர்க்யூட் படம். அதில் ஒரு ரெசிஸ்டருக்கு நானூற்று எழுபது ஓம் என்று எழுத வேண்டியவர், ஒரு சைபரை விட்டு நாற்பத்தேழு என்று எழுதிவிட்டார். அதைப் போட்டால் மின்சாரம் அளவுமீறிப் பாய்ந்து டிரான்சிஸ்டர் வெந்துபோகும். மறுமாதமே திருத்தம் அனுப்பினார். கடைசிப் பக்க மூலையில் எறும்பு எழுத்தில் போட்டார்கள். கடைக்காரன் அதைப் பார்க்கவில்லை. பழைய படத்தை அப்படியே சுட்டு விற்றுக்கொண்டிருக்கிறான்.

"திருடினதுகூடப் பரவாயில்ல! திருடறவன் திருத்தினதப் பாத்துத் திருடக் கூடாதா?"

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உழைத்தவர் ஒருவர், விற்பவன் ஒருவன், சூடு பட்டது இரண்டிலும் சேராத ஒரு வாத்தியாரம்மா விரலில்.

பார்சலில் கூடவே வந்திருந்த கடைப் பையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். "என் குறிய யாரக் கேட்டுப் போட்ட?"

"ஐயோ, நீங்களா சார்! உங்க பேரு போட்டதுக்கப்புறம்தான் நல்லாப் போகுது."

"வெந்து போகுதுய்யா! புகார் குடுக்கப் போறேன்."

"குடுங்க சார். நீங்க போட்ட படத்தையும் சேத்துக் குடுங்க. அதுல நாப்பத்தேழுன்னுதானே இருக்கு?"

அந்த அயோக்கியன் சொன்னது உண்மை. முப்பத்துநான்கு வருடத்தில் எந்த மேலதிகாரியும் அவரை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"ரெசிஸ்டர மாத்து. என் பேர எடு" என்றார், சுருதி இறங்கி.

"பையெல்லாம் கட்டி முடிச்சாச்சு சார், அது வித்துத் தீரட்டும். பேரு மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுடறேன். போதுமில்ல?"

போனை வைத்துவிட்டு ஆசிரியையின் பலகையை எடுத்தார். கருகிய டிரான்சிஸ்டரை மாற்றி, ரெசிஸ்டர் வைத்த மாத்திரைப் பெட்டியின் வியாழக்கிழமை அறையிலிருந்து ஒரு நானூற்று எழுபதை எடுத்துப் பற்றவைத்தார். ரேடியோ பேசியது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அவருடைய குறி பளிச்சென்று இருந்தது. விரல் மறுபடி மேஜையில் விழுந்தது.

டீ கொண்டுவந்த மனைவி கேட்டார்: "அதான் பேர மறைக்கறேன்னுட்டானே, இன்னும் எதுக்கு மேஜையப் போட்டு அடிக்கறீங்க?"

"மறைச்சுட்டா அடுத்தாப்பல கை சுட்டுக்கறவங்க யாரத் தேடி வருவாங்க?"

சொன்ன மாத்திரத்தில் ஏரியல்காரருக்கே அது உறைத்தது. டீயைத் தொடாமல் மறுபடி போனை எடுத்தார். "யோவ், மறைக்காதே. அந்த ஸ்டிக்கர்ல என் போன் நம்பரப் போட்டு, குறிக்குக் கீழ ஒட்டு. ஒரு பை விடாம ஒட்டணும்." அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. "என் தப்புய்யா அது. உன்னோடத நீ பாத்துக்கோ."

பத்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பழக்கமில்லாத குரல். "சார், ஒரு ரேடியோ வாங்கினேன், அதுல உங்க நம்பர்..." என்று எதிர்முனை இழுத்து முடிப்பதற்குள், ஏரியல்காரரின் இடது கை மாத்திரைப் பெட்டியின் வியாழக்கிழமையைத் திறந்துவிட்டிருந்தது.